மங்கலம்பேட்டைக் காப்பிக்கொட்டை

என் மனைவி பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோபித்துக்கொண்டு போகவில்லை. மகளின் பிரசவத்துக்குப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். பிறகு குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். பிறகு மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், குழந்தையை யார் பார்ப்பது என்றாயிற்று. இப்போது குழந்தை வீடு முழுக்க ஓடுகிறதாம், அதன் பின்னால் இவள் ஓடுகிறாளாம். அங்கே அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. இங்கே விருத்தாசலத்தில் எனக்கு மூச்சுவிடுவதைத் தவிர வேறு வேலையில்லை.

நானும் அங்கே போயிருந்தேன். ஒரு மாதம் இருப்பதாக ஏற்பாடு. மருமகன் நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் வீட்டில் காப்பிக்கு ஒரு மிஷின் இருக்கிறது. சின்னக் குப்பி ஒன்றை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினால் உறுமிக்கொண்டு அரை டம்ளர் துப்பும். பதினொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். பன்னிரண்டாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னாங்க மாப்ள இது, கழனித்தண்ணியாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையிலிருந்து கோப்பையை வாங்கிப் போய்த் தொட்டியில் ஊற்றினார். அன்று முழுக்க அந்த வீட்டில் குழந்தையைத் தவிர யாரும் பேசவில்லை.

மறுநாள் பஸ் ஏறிவிட்டேன். ஊரில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மனைவி வாசல்வரை வந்து, மாத்திரை டப்பாவைப் பையின் எந்தப் பக்கம் வைத்திருக்கிறாள் என்று காட்டினாள். நீயும் வந்துவிடு என்று நான் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் வாயை அடைத்தது. மற்ற நேரத்தில் அடைக்காத வாய்.

தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் தனியாக இருந்தவர்கள் இல்லை. எனக்குப் பழகவில்லை. காலையில் டிவியைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்பேன், உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கும் என்பதற்காக. ஒரு கைப்பிடி அரிசி வைத்தால் அது மறுநாளும் இருக்கும். ஏதாவது நல்லது கெட்டது என்றால் சொல்ல ஆள் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தால்கூட "தண்ணி வந்துருச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

தினம் காலை ஏழு மணிக்கு மனைவி போன் செய்வாள். குழந்தை எழுந்திருக்கும்வரை பேசலாம். அது சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு நிமிஷம். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, இன்னிக்கு என்ன குழம்பு. போன கார்த்திகையில் ஒருநாள், டீக்கடை டீ குடித்துக் குடித்து வாய் செத்துவிட்டது என்று புலம்பினேன். அவளை வரச்சொல்ல எனக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் காப்பி போட ஒரு ஆள் வேணும், அவ்ளோதான? முப்பத்திமூணு வருசம் போட்டாச்சு. ஒரு நாளாவது எனக்கு ஒரு வாய் நீங்க போட்டுக் குடுத்துருக்கீங்களா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தவள் போலச் சொன்னாள். நானும் யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு டைபாய்டு வந்தபோதுகூடப் பக்கத்து வீட்டிலிருந்துதான் காப்பி வந்தது. அந்தக் காப்பியையும் நான்தான் முதலில் குடித்திருப்பேன்.

மாசி மகத்துக்கு அவள் ஊருக்கு வருவதாக இருந்தது. நாலு நாள். கோயிலுக்கு ஏதோ வேண்டுதல். அந்த நாலு நாளும் காலையில் அவளுக்கு நானே காப்பி போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அப்படி இப்படி இல்லை, குடித்தால் இந்த வீட்டை விட்டுப் போக மனசு வராத காப்பி. வா, இரு என்று வாயால் சொல்லத் தெரியாதவன் டம்ளரில் ஊற்றியாவது கொடுக்கலாமே என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பித்தளை ஃபில்டர் இருக்கிறது. பால் ஊற்றுகிற அம்மா காலை ஐந்தரைக்கெல்லாம் கறந்த பால் கொண்டுவந்துவிடுகிறாள். ஆக, குறை கொட்டையில்தான். கடைத்தெருவில் விற்கும் தூள் எப்போது வறுத்தது, எப்போது அரைத்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். கடைக்காரரைக் கேட்டால், "சரக்கு புதுசுதாங்க, போன மாசம்தான் வந்துச்சு" என்கிறார். வறுத்து ஒரு மாதமான கொட்டை புதுசு என்றால் நானும் புதுமாப்பிள்ளைதான்.

வேப்பூருக்குப் போனேன். அங்கே நெடுஞ்சாலையோரம் பித்தளை டபராவைப் பெரிதாகப் படம் போட்டு டிகிரி காப்பி என்று போர்டு வைத்த கடைகள் உண்டு. பஸ்ஸும் லாரியும் நிற்கிற இடம், சரக்கு நிற்காது, புதிதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். காப்பி மாஸ்டரிடம் கொட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொட்டையா? நம்மகிட்ட பாதி சிக்கரிங்க. கலருதான் முக்கியம். எறங்கி ஏர்றவங்க யாரு ருசி பாக்குறாங்க?" என்றார். உண்மை பேசிய மனிதர், அதனால் கோபப்பட முடியவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு கடையில் வறுத்துத் தருகிறார்கள் என்று யாரோ சொல்லி அங்கேயும் ஒரு சந்தை நாளில் போய் நின்றேன். அவர்கள் வறுத்தது வேர்க்கடலை.

கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர்தான் மங்கலம்பேட்டையைச் சொன்னார். அங்கே ஒரு பாய், வளைகுடாவில் பதினாறு வருஷம் காப்பிக்கடையில் கொட்டை வறுக்கிற வேலையில் இருந்துவிட்டு வந்தவர், கடையின் பின்கட்டில் சின்ன டிரம் வைத்து வறுக்கிறார். ஏற்காட்டிலிருந்து பச்சைக்கொட்டை வரவழைக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வறுப்பு, பொட்டலத்தின் மேல் வறுத்த நாளைப் பேனாவால் எழுதித் தருகிறார். நான் போன அன்று டிரம்மிலிருந்து கொட்டையைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை தெருமுனையிலேயே பிடித்து இழுத்தது.

"வாங்க சார், ஒக்காருங்க. வூட்டுக்கா, கடைக்கா?"

"வூட்டுக்குத்தான். நான் ஒரு ஆளுதான்."

"ஒரு ஆளுன்னா கால் கிலோ போதும். இன்னிக்கு அரைக்காதீங்க. வறுத்த கொட்ட ரெண்டு நாளு மூச்சு வுடும். மூணாம் நாளு, அன்னன்னிக்கு வேண்டியத மட்டும் அரைச்சிக்குங்க."

கால் கிலோ போதும் என்று அவர் சொன்னது சரியான யோசனைதான். என்னவோ எனக்கு நெஞ்சில் குத்தியது. அரைக்கிலோவாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவன் வீட்டில் உப்பு, புளி, ஊறுகாய், சர்க்கரை எல்லாம் பீங்கான் ஜாடியில்தான் இருக்கும். எவர்சில்வர் டப்பா வைத்திருப்பவனைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்போம். நான் முப்பது வருஷம் செக்கிங் பிரிவில் இருந்தவன். சூளையிலிருந்து வரும் சாமானை மரக்கட்டையால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, நல்லது எது விரிசல் எது என்று பிரிப்பது என் வேலை. கல்யாணமான வருஷம் நானே தட்டிப் பார்த்துப் பாஸ் செய்த ஒரு ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உப்பேறாது, காற்றேறாது, வாசனை போகாது என்று மனைவியிடம் பெருமையடித்துக் கொடுத்தது. அந்த ஜாடி காலியாக இருந்தது. கழுவி, ஒரு நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில் வைத்து, மங்கலம்பேட்டைக் கொட்டையை அதில் கொட்டி மூடினேன்.

மூன்றாம் நாள் மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, ஃபில்டரில் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றிக் காத்திருந்தேன். காப்பி நன்றாக இல்லை. கெட்டுப்போன ருசி என்று சொல்லமுடியாது, ஆனால் நாக்கின் பின்னால் ஒரு புளித்த காரம் நின்றது. தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். பாலை மாற்றச் சொல்லிப் பால்கார அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபில்டரைப் புளிபோட்டுத் தேய்த்தேன். மறுபடி மங்கலம்பேட்டை, மறுபடி புதுக் கொட்டை, மறுபடி அதே ருசி. இப்படியே மார்கழி போய்த் தை பிறந்துவிட்டது. மாசி மகத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போனில் அவள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சும்மாதான் இருக்கிறேன் என்பேன்.

ஒருநாள் பொறுமை போய்விட்டது. அரைத்த தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பேசவேண்டியதைத் தயார் செய்துகொண்டேன்.

"என்னங்க பாய், வெளியூர்க்காரன்னா பழச தள்ளிவுடுறதா? நீங்களே பாருங்க இத."

கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாய் மடிப்பைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு முறை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார்.

"சார், கோச்சிக்காதீங்க. இதுல ஊறுகா வாசன வருது. எலுமிச்சங்கா. வெந்தியமும் பெருங்காயமும்கூடத் தெரியுது. எதுல போட்டு வச்சீங்க?"

"பீங்கான் ஜாடியில. என் கையால பாஸ் பண்ண ஜாடி. அதப் பத்திப் பேசாதீங்க."

"நான் பேசல சார். கொட்ட பேசுது. அது பக்கத்துல எது இருந்தாலும் இழுத்துக்கும்."

நான் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் நானே முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஊறுகாய் வாசனை எதுவும் தெரியவில்லை. பாய்க்குத் தன் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சாக்கு என்று திட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜாடியைக் காலிசெய்து தட்டிப் பார்த்தேன். சத்தம் கணீரென்றுதான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தட்டினால் தெரியாத கோளாறுக்கு எங்களிடம் வேறு சோதனை உண்டு. சிவப்பு மையை மேலே தடவி, சிறிது நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் மை சுத்தமாக வந்துவிடும். ஜாடியின் உட்பக்கம் மை தடவித் துடைத்தேன். மை வரவில்லை. அடியிலிருந்து கழுத்துவரை மயிரிழை மயிரிழையாகச் சிவப்புக் கோடுகள் ஓடிக்கிடந்தன. முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்குப் போகும் சாமானையெல்லாம் சோதித்தவன் வீட்டில், மேல்பூச்சு எப்போது விட்டுப்போனது என்றே தெரியாத ஜாடி. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். அந்தக் கோடுகளுக்குள் ஊறுகாய் எண்ணெய் இறங்கி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. வெயிலில் வைத்தால் போகுமா?

அந்த ஊறுகாய் அவள் பெங்களூருக்குக் கிளம்பும் முன் எனக்காகப் போட்டுவைத்தது. மூன்று மாதத்துக்கு வரும் என்றுதான் போட்டாள். நான் ஒரு நாளைக்கு ஒரு துண்டு, சில நாள் பாதித் துண்டு என்று பதினான்கு மாதம் ஓட்டினேன். தீர்ந்துபோன பிறகும் ஒரு வாரம் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன். பாய் ஒரே இழுப்பில் கண்டுபிடித்த வாசனை எனக்கு ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு அது ஊறுகாய் வாசனை இல்லை. எங்கள் சமையல்கட்டின் வாசனை. அடுப்படியில் நுழைந்தால் அது இருக்கும், அதனால் அவள் இருப்பது போல இருக்கும். நான் ஜாடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பால் விடாமல் ஏலக்காய் தட்டிப்போட்ட காப்பி ஒரு சின்னக் கோப்பையில் கொடுத்தார். திரும்பும் வழியில் கடைத்தெருவில் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்று வாங்கினேன். தெரிந்தவர் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அதன் பிறகு காப்பி வந்தது. அப்படி வந்தது. முதல் டிகாஷன் இறங்கும்போதே வாசல்வரை மணம். ஒரு மாதம் தினமும் போட்டுப் போட்டுக் கையைப் பழக்கிக்கொண்டேன்.

மாசி மகத்துக்கு முதல் நாள் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பே நான் பால் வாங்கிக் காய்ச்சிவிட்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து வழக்கம்போல அடுப்புப் பக்கம் போனாள். நான் டபராவோடு டம்ளரை நீட்டினேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளியே யாராவது ஓட்டல்காரன் நிற்கிறானா என்று எட்டிப் பார்க்காத குறை.

"நீங்களா போட்டீங்க?"

"பின்ன யாரு, சாமியா வந்து போட்டுச்சு?"

பலகையில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். முழுவதும் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குதா?" என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று மணிமுத்தாற்றிலும் கோயிலிலும் கூட்டம் இடித்துத் தள்ளியது, அந்தக் கூட்டத்தில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கல்யாணத்துக்குப் பிறகு வெளியில் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

நாலு நாளும் போட்டேன். ஜாடிக் கதையைச் சொன்னேன், ஊறுகாயைச் சுரண்டியதை மட்டும் விட்டுவிட்டு. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். கொட்டைய போயி திட்டியிருக்கீங்க" என்றாள். வீட்டில் ஒரு ஆள் சிரித்தால் எவ்வளவு இடம் அடைபடுகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. மகளிடம் என்ன சொல்வாள், குழந்தைக்கு ஆள் வைப்பார்களா என்றெல்லாம் மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலை, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எனக்கு அங்க ஒரே கவல. தனியா என்ன பண்றீங்களோ, ஒரு வாய் காப்பிக்குக்கூட வழியில்லாம டீக்கடையில போயி நிக்கிறீங்களேன்னு. குழந்தைக்குச் சோறு ஊட்டுறப்பகூட அதே நெனப்பு. இப்ப வந்து கண்ணால பாத்துட்டேன். வூட்ட சுத்தமா வச்சிருக்கீங்க, காப்பி என்ன விட நல்லா போடுறீங்க. இனிமே நான் நிம்மதியா இருப்பேன். பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்புற வரைக்கும் எனக்கு உங்கள பத்தின கவல இல்ல."

நான் போட்ட காப்பியே அவளை ரயில் ஏற்றுகிறது. இல்லை, எனக்கு முடியவில்லை, காப்பியைத் தவிர ஒன்றும் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னது என்ன தெரியுமா? "ஆமா, எனக்கென்ன கொறச்சல்."

ஜங்ஷனில் சேலம் வழியாகப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டேன். மருமகனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் காப்பித்தூள் கொடுத்தேன். ஜன்னல் வழியாக அவள், "ரெண்டு வேளையும் சாப்புடுங்க, போயிட்டு வரேன்" என்றாள். நான் கையை ஆட்டினேன். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் போன் வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததையும், மருமகன் ஊர்த்தூளில் காப்பி குடித்துவிட்டு இரண்டாவது டம்ளர் கேட்டதையும் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டும் சந்தோஷம் வரவில்லை.

"நீங்க காப்பி போட்டீங்களா?"

"போட்டேன். நல்லா வரல."

"ஏன்? கொட்ட மாறிடுச்சா?"

"தெரியல. வாயில வைக்க முடியல. நேத்து சாயங்காலமும் அப்படித்தான்."

நான் டம்ளரிலிருந்து இன்னொரு வாய் குடித்தேன்.

"உறிஞ்சுற சத்தம் எனக்குக் கேக்குதுங்க" என்றாள்.

டம்ளரை மேடையில் வைத்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், இத்தனை நாள் வராத வார்த்தை தானாக வந்தது.

"எப்ப வருவ? எனக்கு இங்க தனியா இருக்க முடியல."

அந்தப் பக்கம் குழந்தை எழுந்து அழும் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டதும் போனை வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை.

"இத கேக்க உங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சா?" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது.